எட்வின் அளந்த மௌனம்

ஓய்வுபெற்ற பிறகு ஒரேயொரு முறைதான் பழைய கலையகத்துக்குப் போனேன். என்னோடு வேலை செய்த மின்விளக்குக்காரர் ஒருவருக்குப் பிரியாவிடை வைத்திருந்தார்கள். கேக் வெட்டி முடிந்ததும், இப்போது ஒலிப்பிரிவில் இருக்கும் பிள்ளைகள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் புதிய மென்பொருளைக் காட்டினார்கள். ஒரு நடிகர் பேசிய பதிவு திரையில் அலையலையாக ஓடியது. ஒருத்தி ஒரு பொத்தானை அழுத்தினாள். சொற்களுக்கு நடுவே கிடந்த மூச்சுகள் அத்தனையும் போய்விட்டன. பேசியவர் மூச்சே எடுக்காத மனிதராகிவிட்டார்.

"முந்தி உதுக்கு என்ன செய்வீங்கள், அங்கிள்?" என்று அவள் கேட்டாள். ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம் வளர்ந்த பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவாள்.

"இருந்து கேப்பம்," என்றேன்.

பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த மூச்சில்லாத குரல் என்னை விடவில்லை. ஒரு மனிதரின் மூச்சை மட்டும் நம்பி நான் முடிவெடுக்க வேண்டி வந்த பிற்பகல் ஒன்று உண்டு. அதைப் பற்றி மனைவியைத் தவிர வேறு யாரிடமும் விரிவாகப் பேசியதில்லை. இப்போது எழுதிவைக்கிறேன்.

என் தொழிற்கதையின் தொடக்கம் சுருக்கமானது. கொழும்பில் வானொலி நாடகங்களுக்கு ஒலிப்பதிவு உதவியாளனாக இருந்தேன். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊருக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கு வந்தபோது, நான் கற்ற வேலையைப் பற்றி இங்கே கேட்க ஆள் இருக்கவில்லை. ஸ்காபரோவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு மைக் வாடகைக்கு விடும் கடையொன்றில் பழுது பார்த்தேன். அங்கே ஒருநாள் சாமான் திருப்பிக் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், நான் வயர் சுருட்டுவதை நின்று பார்த்தார்.

"இதை யார் பழக்கியது?"

"வானொலியில் பழகினேன், சேர்."

"எந்த நாட்டு வானொலி?"

சொன்னேன். அடுத்த கிழமை என்னைக் கலையகத்துக்கு வரச் சொன்னார். அவர்தான் மல்கம். அதற்குப் பிறகு நான் வேறெங்கும் வேலை தேடவில்லை.

மல்கம் இங்கிலாந்துக்காரர். லண்டனில் பல காலம் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுக்கு ஒலிப்பதிவு செய்துவிட்டு, மனைவியின் ஊர் என்பதால் ரொறன்ரோவுக்கு வந்தவர். எங்கள் கலையகத்தில் ஒலிக்குப் பொறுப்பு அவர்தான். யாரும் பார்க்காத இருட்டறைக்குள் இருந்து வேலை செய்பவர், ஆனால் ஒருநாளும் கழுத்துப்பட்டி இல்லாமல் வந்ததில்லை. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அப்போது நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்போம். சரசரக்கும் நைலோன் சட்டை போட்டுக்கொண்டு ஒலியறைக்குள் வர முடியாது. பொரித்த கிழங்குப் பைக்கற்றோடு வந்தவனை வாசலிலேயே நிறுத்திச் சாப்பிட்டு முடித்துவிட்டு வரச் சொன்னார்.

நடிகர்களின் மைக்கைச் சோதிக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவிட மாட்டார். "எண்ணும்போது யாரும் தன் சொந்தக் குரலில் எண்ணுவதில்லை, நேசன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேள்," என்பார். அதனால் என் வேலைக்காலத்தில் எத்தனையோ பேர் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் பொறுப்பு, நடிகர்களின் உடம்பில் சின்ன மைக்கை ஒட்டுவது. கேட்க இலகுவாக இருக்கும். காறை எலும்புக்குக் கீழே, நெஞ்சு நடுவில், தோலை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஒட்டுநாடாவை முக்கோணமாக மடித்து, பசை வெளிப்பக்கம் இருக்கும்படி மைக்குக்கு இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். அதற்குக் கீழே வயரில் ஒரு சின்ன வளையம் விட வேண்டும். அப்போதுதான் அவர் குனிந்தாலும் இழுவை மைக்குக்குப் போகாது. ட்ரான்ஸ்மிட்டர் பெட்டி முதுகுப்பக்கம் இடுப்பில். ஒவ்வொரு பதிவுக்கும் புது பற்றரி. ஒட்டும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது, பேச்சுக் கொடுக்க வேண்டும். வயதானவர்களின் தோல் மெல்லிசு. கழற்றும்போது எண்ணெய் தடவி மெல்ல மெல்ல எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் விட மல்கம் எனக்கு முதல்நாளே சொன்ன கட்டளை ஒன்று இருந்தது. "ஒருவருடைய நெஞ்சில் மைக்கை ஒட்டிவிட்டால், நீ பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவர் மாதிரி. கேட்டது உன்னோடு இருக்க வேண்டும்." மைக் இருப்பதை மறந்துவிட்டு நடிகர்கள் கழிவறையில் அழுவார்கள். தொலைபேசியில் மனைவியோடு சண்டை பிடிப்பார்கள். சமிக்ஞை ஒழுங்காக வருகிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், எல்லாம் என் காதில் விழும்.

தொண்ணூறுகளில் கனடா டொலர் மலிவாக இருந்தபடியால் அமெரிக்கர்கள் வரிசையாக ரொறன்ரோவுக்கு வந்து படம் எடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு பழக்கம். இங்கிலாந்தில் நன்றாக ஓடிய நகைச்சுவைத் தொடரை விலைக்கு வாங்கித் தங்கள் நாட்டுக்கு ஏற்றபடி திரும்ப எடுப்பார்கள். வீடு பெரிதாகும். நடிகர்கள் அழகாவார்கள். கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடிப்பார்கள். சில தொடர்கள் பிழைத்து ஓகோ என்று ஓடின. எங்கள் கலையகத்துக்கு வந்தவை அப்படி அல்ல. முதலாவது ரீமேக் மாதிரிப் பாகத்தோடு செத்தது. இரண்டாவதற்குச் சமையலறை செற் கட்டி, நிறம் பூசிக் காய முன்னமே நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது வந்தபோது மல்கம் வழக்கத்துக்கு மாறாகச் சந்தோசமாக இருந்தார். அதன் இங்கிலாந்து மூலத்துக்கு ஒலிப்பதிவு செய்ததே அவர்தான்.

அது ஒரு ரயில் நிலையத்தில் பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைத்திருக்கும் அறையைப் பற்றிய கதை. மூலத்தில் அந்த அறைக்குப் பொறுப்பான கிளார்க் ஒரு பிடிவாதக்காரர். யார் வந்து கேட்டாலும் பொருளைக் கொடுக்க மனம் வராது. ஒரு பெண் வந்து, "என் கறுப்புக் குடையைக் கண்டீர்களா?" என்று கேட்பாள். குடை அவர் கையிலேயே தொங்கும். அவர் குடையைப் பார்ப்பார். அவளைப் பார்ப்பார். பேசமாட்டார். அந்த மௌனம் நீளும். பார்வையாளர் ஒருவர் சிரிக்கத் தொடங்க, அது வரிசை வரிசையாகப் பரவி, கலையகமே குலுங்கும். அப்புறம் மெதுவாக, "இல்லை," என்பார். அந்த மௌனத்துக்காகவே நாடு முழுவதும் அவரை அறிந்திருந்தது. அந்த நடிகர்தான் எட்வின்.

மல்கம் தந்த பழைய வீடியோ நாடாவை அஜின்கோர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்றில் போட்டுப் பார்த்தோம். என் மனைவி நிர்மலா முகத்தைச் சுளித்தாள்.

"இதில என்னப்பா பகிடி? அந்த மனுசி தன்ர குடையைத் தேடி வந்திருக்கு. சாமான் அவன்ர கையில. இல்லையெண்டு சொல்லி அனுப்புறான். சனம் சிரிக்குது."

"அவர்ர முகத்தைப் பாரும்."

"பாத்தனான். எனக்குச் சிரிப்பு வரேல்லை."

அவளுடைய தம்பியை ஊரில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். தேடி அலைந்த அலுவலகங்களில் எல்லாம் மேசைக்குப் பின்னால் ஒருவர் இருந்து இல்லை என்றுதான் சொன்னார். நான் நாடாவை நிறுத்தினேன்.

அமெரிக்க ரீமேக்கில் அந்தப் பிரச்சினையே இல்லை. கிளார்க் வேலைக்கு ஓர் அழகான இளைஞனைப் போட்டார்கள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் தொலைத்தவர் கையில் பொருள் திரும்பிப் போய்ச் சேரும். நிர்மலாவை ஒருமுறை பார்வையாளர் வரிசையில் இருத்திக் காட்டினேன். "இது நல்லாயிருக்கு. குடுத்துவிடுறாங்கள்," என்றாள். அடுத்தநாள் இதை மல்கத்திடம் சிரிப்பாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டார். தம்பியைப் பற்றிச் சொன்னேன். "உன் மனைவி சொல்வது சரிதான். ஆனால் கேரிக்கு மட்டும் சொல்லிவிடாதே," என்றார்.

கேரி தயாரிப்பாளர். லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்தவர். கெட்ட மனிதர் அல்ல. எப்போதும் தொலைபேசிக்குப் பயந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு கிழமையும் மேலிடத்திலிருந்து அழைப்பு வரும், அவர் முகம் இன்னும் கொஞ்சம் வற்றும். பெயருக்காக எட்வினையும் இங்கிலாந்திலிருந்து அழைத்திருந்தார்கள். புதிய கிளார்க்கின் தாத்தாவாக மூலையில் ஒரு கதிரை. கிழமைக்கு ஒன்றிரண்டு வசனம்.

அந்த ஒன்றிரண்டு வசனத்திலும் எட்வின் தன் மௌனத்தை எடுத்தார், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இழுத்தார். ஒத்திகையில் எடுத்தால் நிறுத்தினார்கள். பதிவில் எடுத்தால் வெட்டினார்கள். "சத்தம் இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவன் ரிமோட்டைத் தேடுவான், எட்வின்," என்று கேரி கெஞ்சுவார். எட்வின் தலையாட்டுவார். அடுத்த வெள்ளிக்கிழமைப் பதிவில் திரும்பவும் எடுப்பார்.

மைக் ஒட்டும்போது ஒருநாள் அவரிடம் கேட்டேன், கோபம் வராதா என்று.

"அவர்கள் என்னை வாங்கினார்கள், நேசன். என் மணிக்கூட்டை வாங்கவில்லை," என்றார்.

நெடிய, மெலிந்த மனிதர். மனைவி இறந்துவிட்டார். இங்கிலாந்தில் ஒரு மகள். இங்கே நகர மையத்தில் வாடகை அறையொன்றில் தனியாக இருந்தார். நெஞ்சில் நரைமுடி, ஒட்டுநாடா பட்டால் வலிக்கும். ஆனால் முகம் சுளிக்கமாட்டார். என் ஊரைப் பற்றிக் கேட்பார். பதில் சொன்னால் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருப்பார்.

குளிர் தொடங்கிய நேரம், ஒரு சோதனையில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "முட்டையும் டோஸ்ட்டும்" என்று சொல்ல வந்தவர் "டோத்" என்றார். கொஞ்சம் நின்று திரும்பச் சொன்னார். இந்த முறை சரியாக வந்தது. பொய்ப்பல் செற் புதிது என்றார். அன்றைக்கு முழுவதும் அவருடைய மைக்கையே கேட்டுக்கொண்டிருந்தேன். நடையிலும் மூச்சு வேறு மாதிரி இருந்தது. படி ஏறாமலே படி ஏறியவரின் மூச்சு.

கேட்டது என்னோடு இருக்க வேண்டும் என்பது கட்டளை. ஆனாலும் மல்கத்திடம் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. எட்வினைத் தேநீருக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, மிக மெதுவான குரலில் சொன்னார்.

"இரத்த அழுத்தமாம். மருந்து எடுக்கிறாராம். கேரிக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்கிறார். வீட்டில் போய்ச் சுவரைப் பார்ப்பதைவிட, இங்கே மூலையில் இருப்பது மேல் என்கிறார். அவருடைய உடம்பு, நேசன். அவருடைய முடிவு."

நான் சரி என்றேன்.

வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் ஒருமுறை, மாலை ஒருமுறை, இரண்டு தடவை பார்வையாளர் முன்னிலையில் பதிவு நடக்கும். அன்றைக்குப் பிற்பகல் பிக்கரிங்கிலிருந்து முதியோர் சங்கம் ஒன்று பஸ்ஸில் வந்திருந்தது. நல்ல சனம். பகிடிக்காரர் ஒருவர் வந்து அவர்களைச் சிரிக்கவைத்துச் சூடாக்கியிருந்தார். மல்கம் மேலே ஒலியறையில். நான் செற்றின் பின்சுவருக்குப் பின்னால், ரிசீவர் தட்டுக்கு முன்னால், காதில் ஹெட்போனோடு இருந்தேன். ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகக் கேட்க எனக்கு வசதி இருந்தது. மல்கத்துக்கு எல்லாம் கலந்து, சிரிப்பும் சேர்ந்துதான் கேட்கும். பக்கத்தில் சின்னத் திரையொன்றில் படம் தெரியும்.

காட்சி இதுதான். கணவனை இழந்த பெண் ஒருத்தி, ரயிலில் விட்டுப்போன அவருடைய மண்ணிறத் தொப்பியைத் தேடி வருகிறாள். தொப்பி எட்வினின் தலையில் இருக்கிறது. "ஒரு மண்ணிறத் தொப்பியைக் கண்டீர்களா?" என்று அவள் கேட்க, அவர் உடனே, "என்ன அளவு?" என்று கேட்க வேண்டும். உடனே என்பதைக் கேரி மூன்று தடவை சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணாக நடித்தவள் டெபி.

டெபி கேட்டாள். எட்வின் அவளைப் பார்த்தார். பேசவில்லை.

எங்கோ பின்வரிசையில் ஒரு கிழவர் சிரித்தார். மௌனம் நீண்டது. சிரிப்பு பரவியது.

காதில் இருந்த தொடர்புக் கருவியில் மல்கத்தின் குரல் கேட்டது. அவர் அப்படிக் குதூகலித்து நான் கேட்டதேயில்லை. "எடுக்கிறார். பார் நேசன், எடுத்தே விட்டார்."

நான் எட்வினின் மைக்கைத் தனியாகத் திருப்பினேன். மூச்சு வாயால் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஈரமான ஒரு சொடுக்குச் சத்தம். அதற்கு நடுவே, தொண்டைக்குள் ஒரு சொல் ஏற முயன்று வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. திரையில் அவருடைய இடக்கை மெல்ல உயர்ந்து தொப்பியைத் தொட்டது. வலக்கை கதிரைக்குப் பக்கத்தில் தொங்கியது. சனம் கத்திச் சிரித்தது. யாரோ காலைத் தரையில் அடித்தார்கள்.

"மல்கம், இது மௌனம் இல்லை. மூச்சு பிழை."

"விடு. தொடாதே. இதற்காக இவ்வளவு காலம் காத்திருந்தவர்."

"மல்கம், அவர் பேசப் பார்க்கிறார்."

ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு, செற்றின் கதவைத் திறந்துகொண்டு காட்சிக்குள் போனேன். கலையகத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. காணாமற்போன பொருட்கள் அறையின் கதவால் திடீரென்று ஒரு கறுத்த மனிதன் வயர்களோடு வருவதைப் பார்த்த சனம், அதுவும் கதை என்று நினைத்து இன்னும் பெரிதாகச் சிரித்தது. தளமேலாளர் என் கையைப் பிடித்தார், உதறினேன். எட்வின் வலப்பக்கமாகச் சரிந்தார். இடுப்பில் பிடித்தேன். நானே கட்டிய ட்ரான்ஸ்மிட்டர் பெட்டி என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அவர் முகத்தின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. எல்லாம் விளங்கிய கண்.

"ஐயா, என்னைப் பிடியுங்கோ. நான் இருக்கிறன். என்னைப் பிடியுங்கோ," என்று சொன்னேனாம். தமிழில் பேசியது எனக்குத் தெரியாது. மைக் உயிரோடுதான் இருந்தது; மேலே மல்கத்துக்குக் கேட்டிருக்கிறது. மொழி விளங்காவிட்டாலும் அந்தக் குரலில்தான் தனக்கு விசயம் விளங்கியது என்று பிறகு சொன்னார்.

டெபி அலறினாள். அதற்குப் பிறகுதான் சிரிப்பு நின்றது. ஒரேயடியாக நிற்கவில்லை. முன்வரிசையில் நின்றது, பிறகு நடுவில். பின்வரிசையில் ஒருவர் கடைசியாகத் தனியே சிரித்துவிட்டு நிறுத்தினார்.

அவருக்கு இங்கே சொந்தக்காரர் இல்லாதபடியால் அம்புலன்ஸில் நான்தான் போனேன். மருத்துவமனையில் தாதி சட்டையை வெட்டியபோது நெஞ்சில் என் ஒட்டுநாடா இருந்தது. எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, விறுக்கென்று இழுத்தெடுத்தாள்.

மாலைப் பதிவு நடந்தது. சனம் ஏற்கெனவே வரிசையில் நின்றது. எட்வினின் வசனத்தை இளைஞனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எட்வின் பிழைத்தார். பேச்சுப் போய்விட்டது, வலப்பக்கமும் போய்விட்டது. சொல்வது விளங்கும், ஆனால் ஒரு சொல்லும் வராது என்று டாக்டர் சொன்னார். மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. உடனே வர முடியவில்லை.

சில நாள் கழித்துக் கேரி ஒலியறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"அந்தப் பிற்பகல் பதிவைப் பார்த்தேன். கையை உயர்த்தும் வரைக்கும் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு டெபியின் முகத்துக்கு வெட்டலாம். ஒத்திகையில் அவர் 'என்ன அளவு' என்று சொன்னது உங்களிடம் இருக்கிறது. இந்தத் தொடருக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு ஒருநாளும் கிடைக்கவில்லை, மல்கம். மேலிடம் எங்களை நிறுத்தப்போகிறது. இதைப் பார்த்தால் ஒருவேளை விடுவார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு வேலை."

"செய்யமாட்டேன்."

"மகளிடம் பேசிவிட்டேன். அப்பா என்ன விரும்புவாரோ அதைச் செய்யுங்கள் என்றாள்."

"அவர் விரும்புவது உங்களுக்குத் தெரியுமா?"

கேரி என் பக்கம் திரும்பினார். "நேசன், உன்னால் இந்த ஒலியைக் கலக்க முடியுமா?"

"மல்கம் செய்யாவிட்டால் நானும் செய்யமாட்டேன்," என்றேன்.

"அப்படியென்றால் திங்கட்கிழமை வேறு ஆட்கள் வருவார்கள்," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

வீட்டில் நிர்மலா கறி கூட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மகளைக் கேட்டவை. மல்கத்தைக் கேட்டவை. உங்களையும் கேட்டவை. அந்த மனுசன் உயிரோடதானே இருக்கிறார்? அவரைக் கேட்டியளோ?"

"அவரால கதைக்க ஏலாதப்பா."

"காது கேக்கும்தானே?"

சனிக்கிழமை காலை மல்கமும் நானும் ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ கருவியையும் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். எட்வினைத் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்தியிருந்தார்கள். யாரோ தலையைத் தவறான பக்கம் வாரிவிட்டிருந்தார்கள். மல்கம் முதலில் அதைச் சரிசெய்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தான் அதை மௌனம் என்று நம்பியதையும், விடு என்று எனக்குச் சொன்னதையும் சொன்னார். "வேண்டாம் என்றால் கண்ணை மூடுங்கள். நாடாவை இங்கேயே இழுத்து அறுத்துவிடுகிறேன்."

எட்வின் கண்ணை மூடவில்லை. இடக்கையால் திரையைக் காட்டினார்.

போட்டோம். டெபி கேட்டாள். அவர் பேசவில்லை. பின்வரிசைக் கிழவர் சிரித்தார். சிரிப்பு பரவியது. கட்டிலில் இருந்தவர் திரையில் இருந்தவரை அசையாமல் பார்த்தார். நான் கதவில் வரும் இடத்துக்கு முன்னால் மல்கம் நிறுத்தினார்.

எட்வின் விரலைச் சுழற்றினார். திரும்பப் போடச் சொல்கிறார். இரண்டாம் முறை அவருடைய இடக்கை போர்வையின் மேல் தாளம் போட்டது. முதலில் எனக்கு விளங்கவில்லை. மல்கத்துக்கு உடனே விளங்கியது. அவர் முன்னால் சாய்ந்து அந்த விரல்களையே பார்த்தார். மூன்றாம் முறை, சிரிப்பு உச்சிக்கு ஏறி வழியப்போகும் இடத்தில், கை உயர்வதற்குச் சற்று முன்னால், எட்வின் இரண்டு விரலை நீட்டிக் கத்தரிக்கோல் மாதிரி மூடினார்.

"இங்கேயா?"

தலையாட்டினார்.

"அதற்கு மேல் போனால் நீளமா?"

தலையாட்டினார். முகத்தின் ஒரு பக்கம் சிரித்தது. அப்படியே கண்ணீர் வரத் தொடங்கியது, நிற்கவில்லை. தாதி வந்து, இந்த நோய்க்குப் பிறகு காரணம் இல்லாமலும் அழுகை வரும், அதைத் துக்கம் என்று எடுக்க வேண்டாம் என்றாள். மல்கம் அந்த இடக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வயர்களைச் சுருட்டினேன்.

திங்கட்கிழமை மல்கம் அதைக் கலந்தார். எட்வின் காட்டிய இடத்தில் வெட்டி, ஒத்திகையிலிருந்து "என்ன அளவு?" என்ற குரலை எடுத்து வைத்தார். வசனத்துக்கு முன்னால் அவருடைய மூச்சு ஒன்று இருந்தது. அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். அது ஒத்திகை மூச்சு, சுகமாக இருந்தபோது எடுத்தது," என்றார்.

அந்தப் பாகம் ஒளிபரப்பாகவேயில்லை. அதன் முறை வருவதற்கு முன்னமே தொடரை நிறுத்திவிட்டார்கள். ரயில் நிலைய அறையைப் பிரித்துப் பலகைகளை அடுத்த படத்துக்கு எடுத்தார்கள். கேரி ஒருவரிடமும் சொல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்.

எட்வின் விமானத்தில் போகும் நிலைக்கு வரவேயில்லை. பனி கரைந்துகொண்டிருந்த நாட்களில், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இறந்தார். கடைசிவரை ஒரு சொல் வரவில்லை. தகனத்துக்கு மல்கம், டெபி, நான், நிர்மலா, பிறகு இங்கிலாந்திலிருந்து வந்த மகள். வேறு யாரும் இல்லை. கைக்குழந்தையை நிர்மலாதான் வைத்திருந்தாள்.

அடுத்தநாள் மகள் கலையகத்துக்கு வந்தாள். அப்பா கடைசியாக நடித்ததைப் பார்க்க வேண்டும் என்றாள். மல்கம் அவளை ஒலியறையில் தன் கதிரையில் இருத்தினார். நான் நாடாவைப் போட்டேன்.

தொப்பியோடு அப்பா மூலையில் இருப்பதைப் பார்த்ததும் அவள் புன்னகைத்தாள். டெபி கேட்டாள். மௌனம் தொடங்கியது. அவள் உதட்டைக் கடித்தாள். பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த முதியோர் சங்கம் சிரித்த அதே மாதிரி, தோள் குலுங்கச் சிரித்தாள். "என்ன அளவு?" என்றது குரல். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். மல்கத்தின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்புப் போய்விட்டது.

"இது அந்த நாளா?"

"ஆமாம். அந்த நாள்தான்."

"அப்படியென்றால் அந்த மௌனம்..."

மல்கம் மிக மெதுவாகச் சொன்னார். "உங்கள் அப்பாவுடையது. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அவரே அளந்து தந்தார். மருத்துவமனையில், தன் கையால். நேசனும் பார்த்துக்கொண்டு நின்றார்."

அவள் என்னைப் பார்த்தாள். ஓம் என்று தலையாட்டினேன்.

திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். வெட்டு வந்தது. படம் டெபியிடம் போனது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்," என்றாள்.

மல்கம் எழுந்து போய்க் கருவியிலிருந்து நாடாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கம்பனியின் சொத்து அது, வெளியே கொடுக்கக் கூடாது. நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் அதைக் குழந்தையின் பைக்குள் வைத்து மூடிக்கொண்டு போனாள்.